தீவிர சிகிச்சைப் பிரிவில் அறத்துயரும் உரையாடலும்

செய்யத்தக்கது எதுவென அறிந்தும், நிறுவனத் தடைகளால் அதனைச் செய்யவியலாத நிலையில் எழும் வேதனையை அமெரிக்க மெய்யியலாளர் ஆண்ட்ரூ ஜேமிட்டன் 1984இல் வெளியிட்ட செவிலிய அறவியல் நூலில் ‘அறத்துயர்’ என்னும் கருத்தாக்கமாக வரையறுத்தார். இரு அறங்களுள் எதனைத் தேர்வது என்னும் தடுமாற்றத்தினின்று இது வேறுபட்டது. இங்குத் தெளிவு உண்டு, செயலுரிமை இல்லை.

தீவிர சிகிச்சைப் பிரிவில் இத்துயர் கூர்மை பெறுகிறது. மீளும் வாய்ப்பற்ற நோயாளிக்குச் செயற்கைச் சுவாசத்தைத் தொடர வேண்டுமெனப் பணிப்பவர் மருத்துவர்; பணிநேரம் முழுதும் படுக்கையருகே நின்று அதனை நிறைவேற்றுபவர் செவிலியர். சளியை உறிஞ்சியெடுக்கும்போது நோயாளி படும் துன்பத்தைக் காண்பவரும் அவரே.

இவ்விருவரிடையே நிலவும் பேச்சுமுறையை உளநல மருத்துவர் லியோனார்டு ஸ்டெய்ன் 1967இல் ‘மருத்துவர் – செவிலியர் விளையாட்டு’ என விளக்கினார். செவிலியர் தம் பரிந்துரையைப் பரிந்துரையெனத் தோன்றாதவாறு கூறுவார். மருத்துவரும் கேட்பதாகத் தோன்றாமல் கேட்டறிவார். வெளிப்படையான கருத்து வேறுபாட்டைத் தவிர்ப்பதே இதன் முதன்மை விதி. மருந்து குறித்த செய்தி இக்குறிப்புமொழியில் சென்று சேரலாம். ‘இச்சிகிச்சை இனித் தகுமா?’ என்னும் வினா அதில் அடங்காது.

ஆதலின் அறத்துயரைச் செவிலியரின் மனவலிமைக் குறையாகக் கருதுதல் பொருந்தாது. வினவும் உரிமை பகிரப்படாமையின் விளைவாகவே அதனைக் கொள்ளுதல் வேண்டும். மருத்துவர் நாள்தோறும் நோயாளரைப் பார்வையிடும் வேளையில் செவிலியரின் கருத்தைக் கேட்டுப் பதிவுசெய்தல் எப்போதும் முடிவை மாற்றிவிடாது. எனினும் அம்முடிவின் காரணத்தை அதனை நிறைவேற்றுபவரும் அறிய வழிசெய்யும்.