வாசனை வேண்டும்... கசப்பு வேண்டாம்! வீட்டு பீர் ரகசியம்: சிங்கப்பூரில் சரி, காரைக்குடியில் ஜெயில்!

காரைக்குடி:
பில்டரில் இறங்கிய டிகாஷனை மறுபடி அடுப்பில் ஏற்றிக் கொதிக்க விட்டால் என்ன ஆகும்? வாசனை ஓடிப்போகும். கசப்பு மட்டும் மிஞ்சும். கல்பாசியை எண்ணெயில் கருக விட்டாலும் இதே கதிதான். செட்டிநாட்டு ஆச்சிகளுக்கு இது தெரிந்த பாடம்.

பீர் காய்ச்சுகிறவர்களுக்கும் இதுதான் முதல் பாடம்!

காரைக்குடி, தேவகோட்டை வட்டாரத்துக்கும் சிங்கப்பூருக்கும் பழைய உறவு. டேங்க் ரோட்டில் நகரத்தார் எழுப்பிய தண்டாயுதபாணி கோவிலுக்கு வயது 160-ஐத் தாண்டிவிட்டது. 1859-ல் கட்டப்பட்டது.

அந்த ஊரில் வீட்டிலேயே பீர் காய்ச்சுவது 2004 முதல் குற்றம் அல்ல. ஆனால் கட்டுப்பாடு உண்டு. 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். ஒரு வீட்டுக்கு மாதம் 30 லிட்டர்தான். சொந்த உபயோகத்துக்கு மட்டும். விற்கக்கூடாது. வடித்து இறக்கும் சரக்கு கூடவே கூடாது.

அங்கே இதைப் பழகியவர்கள் எல்லோருக்கும் வரும் தலைவலி ஒன்றே. "வாசனை வரட்டும் என்று பூவை அள்ளிப் போட்டேன். வாயில் வைக்க முடியவில்லை, வேப்பங்கொழுந்து மாதிரி கசக்கிறது!"

அது என்ன பூ?

பீருக்கு மணமும் கசப்பும் கொடுப்பது 'ஹாப்ஸ்' என்ற கொடியின் பெண் பூ. குளிர் பிரதேசத்துச் சரக்கு. நம் நாட்டில் இமாசலப் பிரதேசத்து லாகுல் பள்ளத்தாக்கில் விளைகிறது.

பச்சை இதழ்களை விரித்தால் உள்ளே மஞ்சள் தூள். சூட்சுமம் எல்லாம் அந்தத் தூளில்தான்! அதில் இரண்டு சங்கதிகள் இருக்கின்றன. ஒன்று பிசின், மற்றொன்று வாசனை எண்ணெய்.

பிசினில் உள்ள 'ஆல்பா அமிலம்' கொதிக்கக் கொதிக்க உருமாறிக் கசப்பாகிறது. எண்ணெயோ கொதித்தால் ஆவியோடு ஆவியாகப் பறந்துவிடும். ஆக, ஒரு மணி நேரம் கொதித்தால் கசப்பு முழுசாக இறங்கும், மணம் காணாமல் போகும்.

கடைசியில் போடு!

ரகசியம் இவ்வளவுதான். கசப்புக்கு ஆரம்பத்தில் கொஞ்சமாகப் போட வேண்டும். வாசனைக்குக் கடைசியில் தாராளமாகப் போட வேண்டும். ரசத்தை இறக்கும்போது கொத்தமல்லித் தழை தூவுவது போல!

கடைசி 5 நிமிடத்தில் போட்டால் கசப்பு இறங்க நேரம் இல்லை, மணம் நிற்கும். இன்னும் கெட்டிக்காரர்கள் அடுப்பை அணைத்து, சூடு 80 டிகிரிக்குக் கீழே வந்த பிறகு போட்டு 20 நிமிடம் மூடி வைக்கிறார்கள். அந்தச் சூட்டில் ஆல்பா அமிலம் உருமாறுவது வெகு நிதானம்.

எல்லாவற்றையும் விட மேலானது 'உலர் ஹாப்' முறை. புளித்து அடங்கிய பீரில் பூவை அப்படியே ஊறப் போடுவது. அடுப்பே கிடையாது. 20 லிட்டருக்கு 50 முதல் 100 கிராம், மூன்று நான்கு நாள் போதும். பொங்கி நுரைக்கும்போதே போட்டால் கிளம்பும் வாயு வாசனையையும் வாரிக்கொண்டு போகும். அதிக நாள் விட்டால் புல் வாடை அடிக்கும்.

இந்த வித்தை நமக்கு முற்றிலும் அன்னியம் அல்ல. வெள்ளைக்காரன் காலத்தில் ஆப்பிரிக்காவைச் சுற்றி மாதக்கணக்கில் கப்பலில் வந்த பீர் கெடாமல் இருக்க, பீப்பாயிலேயே ஹாப்ஸ் போட்டு அடைத்தார்கள். 'இந்தியா பேல் ஏல்' என்ற பெயர் அப்படி வந்த பீருக்குத்தான்.

பாக்கெட்டைப் பார்!

எல்லா ஹாப்சும் ஒன்றல்ல. ஆல்பா அளவு பாக்கெட்டில் அச்சிட்டிருக்கும். செக் நாட்டு 'சாஸ்' ரகத்தில் சுமார் 3, 4 சதவீதம். அமெரிக்க 'சிட்ரா'வில் 12 சதவீதம் போல. அளவு பார்க்காமல் இதற்கு அதைப் போட்டு ஒரு மணி நேரம் காய்ச்சினால் கசப்பு மூன்று மடங்கு!

பாக்கெட்டைப் பிரித்து வெளியே வைத்தால் காற்றுப் பட்டு மணம் போய்விடும். இறுக்கக் கட்டி பிரீசரில் வைக்க வேண்டும். பீரை வெள்ளைப் பாட்டிலில் வெயில் பட வைத்தால் நாற்றம் எடுக்கும். பழுப்புப் பாட்டில் பயன்படுத்துவது அதனால்தான். புளிப்பு அடங்குமுன் பாட்டிலில் அடைத்தால் பாட்டிலே வெடிக்கும்.

இன்னொரு எச்சரிக்கை: வடிகட்டிய ஹாப்ஸ் சக்கையை நாய் தின்றால் அதன் உயிருக்கே ஆபத்து.

இங்கே செய்தால்?

இவ்வளவும் சிங்கப்பூர் கதை. லீவில் ஊருக்கு வருகிறவர் இதே பானையைக் காரைக்குடி வீட்டு முற்றத்தில் அடுப்பேற்றினால் போலீஸ் வரும்!

தமிழ்நாட்டில் மதுவிலக்குச் சட்டம் 1937-ல் வந்தது. ராஜாஜி ஆட்சியில் முதலில் சேலம் ஜில்லாவில் அமலானது. டாஸ்மாக் கடையில் பீர் வாங்கலாம். ஆனால் லைசென்ஸ் இல்லாமல் மது தயாரிப்பது இந்தச் சட்டப்படி இன்றும் குற்றம். "விற்கவில்லை சார், நான் குடிக்கத்தான்" என்ற சமாதானம் எடுபடாது.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் 60-க்கும் மேற்பட்டோரைப் பலி கொண்டது. அது விஷச் சாராயம், வீட்டு பீர் வேறு. ஆனாலும் அந்தச் சாவுகளுக்குப் பிறகு சட்டம் திருத்தப்பட்டுத் தண்டனைகள் கடுமையாகிவிட்டன. கள்ளச் சாராயத்தால் உயிர் போனால் ஆயுள் தண்டனை வரை உண்டு.

ஒரு பானை பீருக்காக வழக்கு வந்தால் கோர்ட்டுக்கு அலைய வேண்டும். பாஸ்போர்ட்டுக்கும் வெளிநாட்டு வேலைக்கும் சிக்கல். சம்பாதித்து அனுப்பும் பிள்ளையை நம்பியிருக்கும் குடும்பம் என்ன ஆவது?

எனவே கைவரிசையைக் காட்ட ஆசைப்படுகிறவர்கள் சிங்கப்பூரிலேயே முடித்துக்கொண்டு விமானம் ஏறுவது நல்லது. ஊரில் இருக்கும்வரை பில்டர் காபியோடு நிறுத்திக்கொள்ளலாம். டிகாஷனைக் கொதிக்க விடாமல்!