முதல் பட்டதாரியின் ஐயம்

வேலையில் ஒருவருக்குத் தன்மேல் எழும் ஐயம் இரண்டு வகைப்படும். வேலை தெரியாததால் வருவது ஒன்று. படித்தால், பழகினால் அது போய்விடும். வேலை நன்றாகத் தெரிந்த பிறகும் போகாதது இன்னொன்று. இந்த இடத்துக்கு நான் உரிய ஆள்தானா, என்றைக்காவது குட்டு உடைந்துவிடுமா என்று அது உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருக்கும். அமெரிக்க உளவியலாளர்கள் பாலின் கிளான்ஸ், சுசான் ஐம்ஸ் இருவரும் 1978-இல் இந்த இரண்டாம் வகையைப் பற்றி எழுதினார்கள். அவர்கள் கவனித்தது, படிப்பிலும் பதவியிலும் உயர்ந்த பெண்களை. உயர உயர ஐயம் தானாகக் குறையும் என்ற எண்ணம் அங்கே பொய்த்துப்போனது.

குடும்பத்தில் முதல் ஆளாகக் கல்லூரிக்குப் போனவர்களை இது கூடுதலாகவே பிடித்துக்கொள்கிறது. தமிழ்நாட்டில் இவர்களுக்கென்றே 'முதல் பட்டதாரி' என்றொரு சான்றிதழ் உண்டு. அதைக் காட்டித் தொழிற்கல்விக் கலந்தாய்வில் சேருபவர்களுக்கு 2010-11 கல்வியாண்டு முதல் கல்விக் கட்டணச் சலுகை கிடைக்கிறது. கட்டணச் சுமை குறைகிறது. ஆனால் மேலதிகாரி முகம் சுளித்தால் அது வழக்கம்தானா, வேலைக்கே வந்த வினையா என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வீட்டில் ஆளில்லை. அப்பாவும் அண்ணனும் அந்த உலகத்தைப் பார்த்ததில்லை.

உதாரணத்துக்கு அஞ்சுகிராமத்தை எடுத்துக்கொள்வோம். குமரி மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில், அகஸ்தீஸ்வரம் வட்டத்தில் இருக்கிறது அது. அதைத் தாண்டினால் திருநெல்வேலி மாவட்டம். கிழக்கே கூடங்குளம் அணுமின் நிலையம், வடக்கே மகேந்திரகிரி அடிவாரத்தில் இஸ்ரோவின் உந்துவிசை வளாகம். பெரிய வேலை என்பது இந்த ஊர்ப் பிள்ளைகளுக்குத் தூரத்துச் சங்கதியே அல்ல. என்றாலும், இடம் பக்கத்தில் இருந்துவிட்டால் மட்டும் தன்னம்பிக்கை வந்துவிடாது.

அது எங்கிருந்து வருகிறது என்பதற்கு உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 1977-இல் நான்கு ஊற்றுகளைச் சொன்னார். தானே செய்து முடித்த அனுபவம் முதலாவது. அதுவே எல்லாவற்றிலும் வலுவானது. தன்னைப் போன்ற ஒருவர் செய்து முடிப்பதைப் பார்ப்பது அடுத்தது. பிறர் சொல்லும் ஊக்கச் சொல், உடலும் மனமும் அப்போதிருக்கும் நிலை ஆகியவை மற்ற இரண்டு. குடும்பம் என்றாலே நமக்கு மூன்றாவதுதான் நினைவுக்கு வரும்: "உனக்கு எல்லாம் வரும் மக்ளே, பயப்படாதே." முதல் இரண்டையும்கூடக் குடும்பம் தர முடியும் என்பதற்கு இந்த மாவட்டத்திலேயே ஆள் இருக்கிறார்.

நாகர்கோவிலை அடுத்த மேலச்சரக்கல்விளையில் 1957-இல் பிறந்தவர் கை. சிவன். தந்தை கைலாசவடிவு விவசாயி; பருவத்தில் மாம்பழ வியாபாரமும் பார்த்தார். அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்த சிவன் விடுமுறை நாட்களில் தோப்பில் வேலை செய்தார். மகன் நின்றால் அப்பா கூலிக்கு ஆள் வைக்க மாட்டார். கல்லூரியையும் அதே கணக்கில், வீட்டுக்குப் பக்கமாகத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது அப்பாவின் முடிவு. பொறியியல் படிக்க ஆசைப்பட்ட மகன் சாப்பிடாமல் அடம்பிடித்துப் பார்த்தார், அப்பா அசையவில்லை. நாகர்கோவில் தெற்குத் திருவிதாங்கூர் இந்துக் கல்லூரியில் கணிதம் படித்தார். பட்டம் வாங்கிய பின் அப்பாவே இறங்கி வந்தார்: ஒருமுறை உன் ஆசையைத் தடுத்துவிட்டேன், இனித் தடுக்க மாட்டேன், நிலத்தை விற்றாவது படிக்க வைக்கிறேன் என்று. சொன்னபடி விற்றார். குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் விமானப் பொறியியல், 1982-இல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் முதுகலை, அதே ஆண்டு இஸ்ரோ. குடும்பத்தின் முதல் பட்டதாரி அவர். வேட்டியை விட்டுக் கால்சட்டை போட்டதே எம்.ஐ.டி.க்குப் போனபோதுதான் என்று பின்னாளில் பேட்டிகளில் சொன்னார்.

இந்தக் கதையில் நிலம் விற்றதையே எல்லோரும் பிடித்துக்கொள்கிறார்கள். தோப்பு வேலைக்கும் அதே அளவு கனம் உண்டு. பிள்ளையின் கைவேலை வீட்டுக்குக் காசு மிச்சப்படுத்தியது; தன்னால் ஆகும் என்பதை அவன் பேச்சாகக் கேட்கவில்லை, செய்தே பார்த்துவிட்டான். அப்பா முடிவை மாற்றிக்கொண்டதும் பெரிய பாடம். தவறினால் திருத்திக்கொள்ளலாம் என்பதை அவர் நடந்து காட்டினார்.

அந்தப் பாடம் தேவைப்பட்ட இடங்கள் இஸ்ரோவில் பல. 1993-இல் பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டின் முதல் பயணம் தோற்றது. 2010-இல் ஜி.எஸ்.எல்.வி. இருமுறை தோற்றது, 2011-இல் அதன் திட்ட இயக்குநராகச் சிவன் பொறுப்பேற்றார். 2013 ஆகஸ்ட் 19-ஆம் தேதி, புறப்பட ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் இருக்கையில் இரண்டாம் கட்டத்தில் எரிபொருள் கசிந்தது. இறங்குமுக எண்ணிக்கையை நிறுத்தி ராக்கெட்டைத் திருப்பிக் கொண்டுபோனார்கள். 2014 ஜனவரி 5-ஆம் தேதி அதே ராக்கெட் வரிசை, மகேந்திரகிரியில் சோதித்த உள்நாட்டுக் கிரையோஜெனிக் எஞ்சினுடன் ஜிசாட்-14 செயற்கைக்கோளைச் சுமந்து சரியாகப் போய்ச் சேர்ந்தது. 2018-இல் அவர் இஸ்ரோ தலைவர் ஆனார். 2019 செப்டம்பர் 7-ஆம் தேதி அதிகாலை, நிலவின் தரைக்கு மேல் 2.1 கிலோமீட்டர் உயரத்தில், இறங்கிக்கொண்டிருந்த விக்ரம் கலத்தின் தொடர்பு அறுந்தபோது நாடே அவர் கண்ணீரைப் பார்த்தது. அதற்குப் பிறகும் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் அவர் அதே நாற்காலியில் வேலை பார்த்தார்.

குடும்பத் தியாகத்துக்கு இன்னொரு முகமும் உண்டு. அதை மறைப்பது நியாயமில்லை. 'உனக்காக நிலத்தை விற்றோம்' என்று வீட்டில் அடிக்கடி காதில் விழுந்தால், பிள்ளைக்கு ஒவ்வொரு சறுக்கலும் கடன்போலக் கனக்கும். வேலை பிடிக்கவில்லை என்றுகூட வாய்திறக்க மாட்டான். உறவினர் பிள்ளையோடு ஒப்பிடுவதும் இப்படித்தான்.

தன்னைப் போன்ற ஒருவரைப் பார்ப்பது என்ற இரண்டாம் ஊற்று இப்போது இங்கே பெருகியிருக்கிறது. இதே மாவட்டத்தின் மேலக்காட்டுவிளையில் பிறந்து, தமிழ் வழியில் படித்து, டிப்ளமோ முடித்து, சில தொழிற்சாலைகளில் வேலை பார்த்துவிட்டு 1984-இல் இஸ்ரோவில் சேர்ந்த வி. நாராயணன் 2025 ஜனவரியில் அதன் தலைவரானார். சந்திரயான்-3-இன் திட்ட இயக்குநராக இருந்த வீரமுத்துவேல் விழுப்புரத்து ரயில்வே தொழிலாளியின் மகன். அவரும் டிப்ளமோவில் தொடங்கியவர்தான்.

அஞ்சுகிராமத்துப் பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். சென்னையிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ பிள்ளை இரவில் போன் போட்டு, இந்த வேலை எனக்குச் சரிவருமா என்று கேட்டால், எல்லாம் சரியாகும் என்று சொல்லி வைத்துவிடாதீர்கள். மழை தவறிய வருஷத்தில் வயலை எப்படிக் காப்பாற்றினீர்கள், எதில் நட்டம் வந்தது, மறுபடி எதில் கைவைத்தீர்கள் என்பதைச் சொல்லுங்கள்.