அச்சுப் பெயரை நம்பாதீர்கள்

பழைய ரேடியோ வால்வு வாங்கும்போது, கண்ணாடியில் அச்சிட்ட கம்பெனிப் பெயரை நான் கடைசியாகத்தான் பார்ப்பேன். பிலிப்ஸ் ஆலையில் செய்த ஒரே சரக்கு ஆம்பெரெக்ஸ், மல்லார்ட், வால்வோ (கார் கம்பெனி அல்ல) என்று பல பெயர்களில் விற்றது. பூர்வீகத்தைச் சொல்வது அடிப்பக்கம் சாம்பல் நிறத்தில் பொறித்த பொடிக் குறியீடு. டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால் தெரியும். முக்கோணம் என்றால் நெதர்லாந்தின் ஹீர்லென். ‘பி’ என்றால் இங்கிலாந்தின் பிளாக்பர்ன். அடுத்த எண் ஆண்டின் கடைசி இலக்கம் மட்டுமே. 2 என்றால் 1962ஆ, 1972ஆ? உள்ளமைப்பைப் பார்த்துத்தான் ஊகிக்க வேண்டும்.

என் ஹெட்ஃபோன் ஆம்ப்ளிஃபையருக்கு வேண்டியது இசிசி88 ரக வால்வு. அந்தப் பெயரில் ‘இ’ என்பது 6.3 வோல்ட் ஹீட்டர். இரண்டு ‘சி’, உள்ளே இரண்டு ட்ரையோடுகள். பிசிசி88 மலிவாகக் கிடைக்கும், ஆனால் அதன் ஹீட்டர் 7 வோல்ட் கேட்கும். ஒன்பது கால் பொருந்துகிறதே என்று இசிசி82-ஐச் செருகுவது அதைவிட வம்பு; கால் இணைப்பே வேறு.

உச்சியில் வெள்ளியாக மினுங்கும் பூச்சு, கெட்டர். அது பால்போல் வெளுத்திருந்தால் காற்று உள்ளே போய்விட்டது. இலவசமாகத் தந்தாலும் வேண்டாம். தங்க முலாம் பூசிய கால்களுக்குக் கூடுதல் காசு கொடுப்பதும், என் காதைப் பொறுத்தவரை, வீண்.