தகடூர் யாத்திரையும் உரையாசிரியர் கடனும்

இன்றைய தருமபுரி பண்டு தகடூர் எனப்பட்டது. அதியமான் மரபினரின் தலைநகராகிய அவ்வூரைச் சேரமான் பெருஞ்சேரல் இரும்பொறை முற்றி வென்ற வரலாற்றைப் பொருளாகக் கொண்டெழுந்த நூல் தகடூர் யாத்திரை. அந்நூல் முழுமையாகக் கிடைத்திலது. எனினும் அதன் பெயரும் இயல்பும் பாடல்கள் சிலவும் இன்றளவும் நிற்பது எவரால் என்பது, வியாக்கியானங்களையே நிதியாகக் கொண்ட ஸம்பிரதாயத்தார் எண்ணத்தக்கது.

தொல்காப்பியர் கூறிய வனப்பு எட்டனுள் தொன்மை என்பது உரைநடையொடு கலந்து பழமை பேசும் செய்யுள் வகை. அதற்கு இந்நூலையும் பெருந்தேவனார் பாரதத்தையும் பேராசிரியர் எடுத்துக்காட்டினார். ஆகவே இது பாட்டும் உரையும் விரவிய நூல் என்பது தெளிவு. பிற்காலத்துத் தொகையாகிய புறத்திரட்டு இதன் பாடல்கள் நாற்பதுக்கும் மேற்பட்டவற்றைப் பொருள்வகையால் பிரித்துச் சேர்த்தது. பாட்டு எஞ்சியது, இடையிட்ட உரை மறைந்தது.

உரை மறைந்தமையின் இழப்பை ஸம்பிரதாயத்தார் எளிதில் உணர்வர். அவதாரிகை இன்றிப் பாசுரத்தை மட்டும் கற்பார்க்கு, இன்னார் இன்னாரை நோக்கி இன்ன நிலையில் அருளியது என்பது புலப்படாது. தகடூர்ப் பாடல்கள் பலவும் இந்நிலையினவே. சிலவற்றுக்கு அக்குறை தீர்த்தவர் நச்சினார்க்கினியர். புறத்திணையியல் உரையில் ஒரு பாடலைக் காட்டுமிடத்து, தன் படை பட்ட தன்மையைச் சேரமான் வினவப் பொன்முடியாரும் அரிசில்கிழாரும் கூறியது அது என்று குறித்தார். அக்குறிப்பு இலதேல் அப்பாடல் பொதுப்பட்டதொரு போர்ப்பாட்டாகவே நின்றிருக்கும்.

இவ்விருவருள் அரிசில்கிழார் அச்சேரமானைப் பதிற்றுப்பத்தின் எட்டாம் பத்தால் பாடியவர். பொன்முடியாரோ புறநானூற்று 312ஆம் பாட்டில் தாய், தந்தை, கொல்லன், வேந்தன், மகன் என ஒவ்வொருவர்க்கும் உரிய கடனை வகுத்தவர். அவ்வரிசையில் உரையாசிரியர் இடம்பெறவில்லை. ஆயினும் அப்புலவரின் சொல்லைக் காலம் கடத்தித் தந்த கடன் அவர்களதாயிற்று.

இக்கடனின் நிறைவைப் பெரியாழ்வார் திருமொழி வியாக்கியானத்தில் காணலாம். பெரியவாச்சான் பிள்ளை அருளிய உரையின் பெரும்பகுதி மறைந்தொழிய, மணவாள மாமுனிகள் (1370–1443) மறைந்த பகுதிக்கு மட்டும் உரை அருளி, பிள்ளையின் உரை எஞ்சியுள்ள இடத்தில் தம் உரையை நிறுத்தினார். முழுவதுக்கும் புதிதாக உரை செய்யும் வன்மை அவர்க்கு உண்டு. அதனைச் செய்யாமை பூர்வாசாரியர் திருவாக்கின்மீது கொண்ட ஆதரத்தால்.

தகடூர் யாத்திரையின் மறைந்த உரைக்கு அத்தகைய நிறைவு வாய்க்கவில்லை. எஞ்சிய பாட்டைத் தொகுத்தவரும், எஞ்சிய சூழலைக் குறித்தவருமே அதற்கு உற்றார். மூலத்தைக் காத்தல் ஒரு கடன்; அது பிறந்த சூழலையும் உடன் காத்தல் அதனினும் அரிய கடன். ஆசாரியர்கள் அவதாரிகையைப் பாசுரத்தினின்று பிரியாது ஓதுவித்ததன் பயன் இதனால் விளங்கும்.