தேங்காய் எண்ணெயா, நல்லெண்ணெயா, பாமாயிலா? கொலஸ்ட்ரால் அதிகம் உள்ளவர்கள் அறிய வேண்டியவை

மும்பை: தாராவி, மாட்டுங்கா, செம்பூர் ஆகிய பகுதிகளில் தலைமுறைகளாக வாழும் தமிழ்க் குடும்பங்களின் சமையலறையில் ஒரே ஓர் எண்ணெய் மட்டும் இருப்பது அரிது. இட்லிப் பொடிக்கு நல்லெண்ணெய், அவியலுக்கும் தாளிப்புக்கும் தேங்காய் எண்ணெய், வடையும் அப்பளமும் பொரிக்க சூரியகாந்தி எண்ணெய் அல்லது பாமாயில் என ஒவ்வொன்றுக்கும் ஓர் இடம் உண்டு. குடும்பத்தில் ஒருவருக்கு ரத்தப் பரிசோதனையில் கொலஸ்ட்ரால் அதிகம் என்று தெரியவந்ததும், இவற்றில் எதை நிறுத்துவது, எதை வாங்குவது என்ற கேள்வியே முதலில் எழுகிறது.

இந்தக் கேள்விக்கு ஒற்றை எண்ணெயின் பெயரைப் பதிலாகச் சொல்ல இயலாது என்பதே இதுவரையிலான ஆய்வுகளின் சாரம். ஓர் எண்ணெய் எதற்கு மாற்றாக வருகிறது, நாளொன்றுக்கு எவ்வளவு சேர்க்கப்படுகிறது, எத்தனை முறை காய்ச்சப்படுகிறது ஆகிய மூன்றும் சேர்ந்தே அதன் விளைவைத் தீர்மானிக்கின்றன.

நான்கில் ஒருவருக்கு அதிகக் கொலஸ்ட்ரால்

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆதரவுடன் சென்னை நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை நாடு தழுவிய அளவில் நடத்திய ஆய்வின் முடிவுகள் 2023-ஆம் ஆண்டு வெளியாகின. இந்தியாவில் 20 வயதைக் கடந்தவர்களில் 24 சதவீதம் பேருக்கு ரத்தத்தில் மொத்தக் கொலஸ்ட்ரால் அளவு அதிகமாக இருப்பது அதில் கண்டறியப்பட்டது. ஏதேனும் ஒரு வகையில் ரத்தக் கொழுப்பின் அளவு சீராக இல்லாதவர்களின் விகிதம் 81 சதவீதமாக இருந்தது.

கொலஸ்ட்ராலில் மருத்துவர்கள் முதன்மையாகக் கவனிப்பது கெட்ட கொழுப்பு எனப்படும் எல்டிஎல் அளவையே. ரத்தக் குழாய்களின் சுவரில் படிந்து மாரடைப்புக்கும் பக்கவாதத்துக்கும் வழிவகுப்பது இதுவே. இந்திய இதயவியல் சங்கம் 2024-ஆம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, பொதுவாக எல்டிஎல் ஒரு டெசிலிட்டருக்கு 100 மில்லிகிராமுக்குக் கீழ் இருக்க வேண்டும். நீரிழிவு, உயர் ரத்த அழுத்தம் போன்றவற்றால் ஆபத்து கூடுதலாக உள்ளவர்களுக்கு இந்த இலக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழ். ஏற்கெனவே மாரடைப்பு வந்தவர்களைப் போன்று மிக அதிக ஆபத்தில் இருப்பவர்களுக்கு 55 மில்லிகிராமுக்குக் கீழ்.

'கொலஸ்ட்ரால் இல்லாத எண்ணெய்' என்பது சிறப்பா?

எண்ணெய்ப் பொட்டலங்களில் 'கொலஸ்ட்ரால் இல்லாதது' என்ற வாசகத்தைக் காணலாம். உண்மையில், தாவரங்களிலிருந்து எடுக்கப்படும் எந்த எண்ணெயிலும் கொலஸ்ட்ரால் குறிப்பிடத்தக்க அளவில் இருப்பதில்லை. தேங்காய் எண்ணெய், பாமாயில், கடலை எண்ணெய் என அனைத்துக்கும் இது பொருந்தும். எனவே இந்த வாசகம் ஓர் எண்ணெயை மற்றொன்றிலிருந்து வேறுபடுத்திக் காட்டுவதில்லை.

உடலில் உள்ள கொலஸ்ட்ராலின் பெரும்பகுதியை உற்பத்தி செய்வது கல்லீரல். ரத்தத்தில் சுற்றும் எல்டிஎல்-ஐத் திரும்ப இழுத்து அகற்றுவதும் கல்லீரலின் பணியே. உணவில் நிறைவுற்ற கொழுப்பு மிகும்போது அகற்றும் இந்தத் திறன் குறைகிறது. ரத்தத்தில் எல்டிஎல் தேங்குகிறது. நிறைவுறாக் கொழுப்பு அதன் இடத்தைப் பிடிக்கும்போது அந்தத் திறன் கூடுகிறது. ஆகவே பொட்டலத்தில் பார்க்க வேண்டியது கொலஸ்ட்ரால் குறித்த விளம்பர வாசகத்தை அன்று. பின்புறம் அச்சிடப்பட்டிருக்கும் நிறைவுற்ற கொழுப்பின் அளவையே.

எந்த எண்ணெயில் எவ்வளவு?

நாளொன்றுக்கு 2,000 கலோரி உணவு உண்ணும் ஒருவருக்கு 27 கிராம் எண்ணெயும் கொழுப்பும் போதுமானது என ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ஆம் ஆண்டு வெளியிட்ட உணவு வழிகாட்டுதல் கூறுகிறது. இது ஏறக்குறைய இரண்டு மேசைக் கரண்டி. இந்த 27 கிராமும் ஒரே எண்ணெயாக இருந்தால், உடலில் சேரும் நிறைவுற்ற கொழுப்பு தோராயமாகப் பின்வருமாறு அமையும்:

தேங்காய் எண்ணெய்: 22 முதல் 24 கிராம்
நெய்: சுமார் 17 கிராம்
பாமாயில்: சுமார் 12 கிராம்
தவிட்டு எண்ணெய்: சுமார் 6 கிராம்
கடலை எண்ணெய்: சுமார் 5 கிராம்
நல்லெண்ணெய்: சுமார் 4 கிராம்
சூரியகாந்தி எண்ணெய்: சுமார் 3 கிராம்

நிறைவுற்ற கொழுப்பு மொத்தக் கலோரியில் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது உலக சுகாதார அமைப்பின் பரிந்துரை. 2,000 கலோரிக்கு இது 22 கிராம். எல்டிஎல் அளவைக் குறைக்க வேண்டியவர்களுக்கு அமெரிக்க இதயச் சங்கம் கூறும் வரம்பு இன்னும் குறைவு; 6 சதவீதம், அதாவது சுமார் 13 கிராம். பால், தயிர், இறைச்சி, தேங்காய்ச் சட்னி ஆகியவற்றிலிருந்து வரும் கொழுப்பும் இந்தக் கணக்கில்தான் சேரும் என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

தேங்காய் எண்ணெய்: விவாதம் எங்கே நிற்கிறது?

மாட்டுங்கா கடைவீதியில் கிடைக்கும் நேந்திரங்காய் வறுவலின் மணத்துக்குக் காரணம் தேங்காய் எண்ணெய். தமிழர், மலையாளிகளின் சமையலோடு ஒன்றிப்போன இந்த எண்ணெயைப் பற்றியே அதிகமான வாதங்கள் எழுகின்றன.

சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 16 ஆய்வுகளைத் தொகுத்து 2020-ஆம் ஆண்டு வெளியிட்ட பகுப்பாய்வு இதில் முக்கியமானது. சூரியகாந்தி, சோயா போன்ற எண்ணெய்களுடன் ஒப்பிடுகையில், தேங்காய் எண்ணெய் எல்டிஎல் அளவை டெசிலிட்டருக்குச் சராசரியாக 10 மில்லிகிராம் உயர்த்துவது தெரியவந்தது. நல்ல கொழுப்பு எனப்படும் எச்டிஎல் அளவும் 4 மில்லிகிராம் உயர்ந்தது. தேங்காய் எண்ணெயை ஆதரிப்போர் சுட்டிக்காட்டுவது இந்த இரண்டாவது விவரத்தையே. ஆயினும், எச்டிஎல் அளவை உயர்த்துவதால் மட்டும் மாரடைப்பு குறையும் என்பது மருந்து ஆய்வுகளில் நிரூபணமாகவில்லை. எல்டிஎல் குறைந்தால் ஆபத்து குறைகிறது என்பதற்கோ வலுவான சான்றுகள் உள்ளன.

மறுபுறம், கேரள மாநிலம் கொச்சியில் இதய நோயாளிகள் 200 பேரிடம் இரண்டு ஆண்டுகள் நடத்தப்பட்டு 2016-ஆம் ஆண்டு வெளியான ஆய்வில், தேங்காய் எண்ணெய் பயன்படுத்தியவர்களுக்கும் சூரியகாந்தி எண்ணெய் பயன்படுத்தியவர்களுக்கும் ரத்தக் கொழுப்பில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. ஆனால் அவர்கள் அனைவரும் இதய நோய்க்கான முறையான சிகிச்சையில் இருந்தவர்கள். மருந்து உட்கொள்ளாத ஒருவருக்கு இதே முடிவு பொருந்தும் என்று கொள்ள இயலாது.

மரச்செக்கில் ஆட்டிய எண்ணெய் என்றால் பாதிப்பில்லை என்ற நம்பிக்கையும் பரவலாக உள்ளது. செக்கில் ஆட்டும்போது மணமும் சில நுண்சத்துகளும் காக்கப்படுகின்றன என்பது உண்மை. ஆனால் எண்ணெயில் உள்ள நிறைவுற்ற கொழுப்பின் விகிதம் அதனால் மாறுவதில்லை.

நல்லெண்ணெய், கடலை எண்ணெய், தவிட்டு எண்ணெய்

நல்லெண்ணெயில் ஒற்றை நிறைவுறாக் கொழுப்பும் பன்மை நிறைவுறாக் கொழுப்பும் ஏறக்குறைய சம அளவில் உள்ளன. செசமின் போன்ற இயற்கைப் பொருள்களும் இதில் இருப்பதால், எளிதில் கெடாத தன்மை கொண்டது. தவிட்டு எண்ணெயில் உள்ள ஒரைசனால், குடல் கொலஸ்ட்ராலை உறிஞ்சுவதைக் குறைக்க உதவுகிறது. கடலை எண்ணெயில் மிகுந்துள்ள ஒலியிக் அமிலமே, உயர்ந்த விலைக்கு விற்கப்படும் ஆலிவ் எண்ணெயிலும் முதன்மையாக உள்ளது. எனவே கொலஸ்ட்ரால் உள்ளவர்கள் ஆலிவ் எண்ணெய் வாங்க இயலவில்லையே என வருந்த வேண்டிய அவசியமில்லை.

54 ஆய்வுகளை முன்வைத்து 13 வகை எண்ணெய்களையும் கொழுப்புகளையும் ஒப்பிட்டு 2018-ஆம் ஆண்டு வெளியான பகுப்பாய்வில், வெண்ணெய்க்கு மாற்றாகச் சூரியகாந்தி, குசும்பா, சோயா, ஆலிவ் உள்ளிட்ட எண்ணெய்களைச் சேர்த்தபோது எல்டிஎல் குறைந்தது. இங்கு 'மாற்றாக' என்ற சொல்லே முக்கியமானது. வழக்கமான எண்ணெயைக் குறைக்காமல், நல்லது என்று கேள்விப்பட்ட இன்னோர் எண்ணெயைக் கூடுதலாகச் சேர்த்துக்கொள்வதால் பயன் இல்லை. கலோரியும் உடல் எடையும்தான் கூடும்.

அதேபோல், எண்ணெயை முற்றிலும் தவிர்த்துவிட்டு அதற்கு ஈடாகச் சோறு, மைதா, இனிப்பு ஆகியவற்றை அதிகரிப்பதும் தீர்வாகாது. இது டிரைகிளிசரைடு என்ற மற்றொரு வகைக் கொழுப்பை உயர்த்தும். இந்தியர்களிடம் ஏற்கெனவே அதிகம் காணப்படும் குறைபாடு இது.

பாமாயில்: விலையும் விளைவும்

தாராவி போன்ற பகுதிகளில் எண்ணெயைத் தேர்ந்தெடுப்பதில் விலைக்கே முதலிடம். 2022-ஆம் ஆண்டு தீபாவளிக்கு மகாராஷ்டிர அரசு 100 ரூபாய்க்கு வழங்கிய பொருள் தொகுப்பில் ஒரு லிட்டர் பாமாயில் இடம்பெற்றது. தமிழ்நாட்டு நியாய விலைக் கடைகளில் லிட்டர் 25 ரூபாய்க்கு வழங்கப்படுவதும் பாமாயிலே.

நிறைவுற்ற கொழுப்பு குறைந்த தாவர எண்ணெய்களுடன் ஒப்பிடும்போது, பாமாயில் எல்டிஎல் அளவைச் சுமார் 9 மில்லிகிராம் உயர்த்துவதாக 2015-ஆம் ஆண்டு வெளியான தொகுப்பாய்வு தெரிவிக்கிறது. அதே வேளையில், முன்பு பரவலாக இருந்த வனஸ்பதியில் உள்ள டிரான்ஸ் கொழுப்பைவிட இது தீங்கு குறைந்தது. டிரான்ஸ் கொழுப்பு எல்டிஎல்-ஐ உயர்த்துவதோடு எச்டிஎல்-ஐயும் குறைக்கும். எண்ணெய், கொழுப்பு வகைகளில் இதன் அளவு 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்ற விதி 2022 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ளது.

பாமாயில் மட்டுமே வாங்க இயலும் குடும்பங்கள் அதன் அளவைக் குறைப்பதும், கொலஸ்ட்ரால் உள்ளவரின் உணவில் பொரித்தவற்றைத் தவிர்ப்பதும் பலன் தரும். சில்லறையாக, பொட்டலமின்றி எண்ணெய் விற்பதற்கு 2011-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு விதிகள் தடை விதிக்கின்றன. மாநில அரசு மட்டுமே இதற்கு விலக்கு அளிக்க முடியும். முத்திரையிட்ட சிறிய பொட்டலங்களை வாங்குவதே கலப்படத்திலிருந்து பாதுகாப்பு.

காய்ச்சிய எண்ணெயை மீண்டும் காய்ச்சலாமா?

வீட்டு எண்ணெயை எவ்வளவு கவனமாகத் தேர்ந்தெடுத்தாலும், வடாபாவ், முறுக்கு, சேவு, சமோசா வழியாக உடலுக்குள் செல்லும் எண்ணெய் கணக்கில் வருவதில்லை. எண்ணெயை மீண்டும் மீண்டும் காய்ச்சும்போது அது சிதைந்து, துருவச் சேர்மங்கள் எனப்படும் தீங்கான பொருள்கள் உருவாகின்றன. இவற்றின் அளவு 25 சதவீதத்தைத் தாண்டிய எண்ணெயைப் பயன்படுத்தக் கூடாது என்ற விதியை இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2018 ஜூலை முதல் நடைமுறைப்படுத்தியது. நாளொன்றுக்கு 50 லிட்டருக்கு மேல் பொரிப்பதற்குப் பயன்படுத்தும் நிறுவனங்கள் அதற்கான பதிவேட்டைப் பராமரிக்க வேண்டும். சிறு தள்ளுவண்டிக் கடைகள் இந்தப் பதிவேட்டு விதிக்குள் வருவதில்லை.

எல்டிஎல்-க்கு நல்லதெனக் கருதப்படும் சூரியகாந்தி எண்ணெய், பன்மை நிறைவுறாக் கொழுப்பு மிகுந்தது என்பதால், தொடர்ந்து காய்ச்சும்போது விரைவில் சிதையும் தன்மை உடையது. ஒருமுறை பொரித்த எண்ணெயை வடிகட்டி, குழம்பு, பொரியலுக்கு ஓரிரு நாள்களுக்குள் பயன்படுத்திவிட வேண்டும். மீண்டும் பொரிக்கப் பயன்படுத்தக் கூடாது என்பது தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் அறிவுரை.

அளவே அடிப்படை

நிதி ஆயோக் 2024-ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கையின்படி, இந்தியாவில் சமையல் எண்ணெயின் தனிநபர் நுகர்வு ஆண்டுக்கு 19.7 கிலோ. நாளொன்றுக்குக் கணக்கிட்டால் இது 54 கிராம். வழிகாட்டுதல் கூறும் 27 கிராமைப் போல இரு மடங்கு. 2025 பிப்ரவரியில் 'மனதின் குரல்' நிகழ்ச்சியில் பேசிய பிரதமர் நரேந்திர மோடி, எண்ணெய்ப் பயன்பாட்டை 10 சதவீதம் குறைக்குமாறு நாட்டு மக்களைக் கேட்டுக்கொண்டார்.

வீட்டளவில் இதைக் கண்காணிக்க எளிய வழி உள்ளது. பெரியவர்கள் நால்வர் உள்ள குடும்பத்துக்கு மாதம் சுமார் மூன்றரை லிட்டர் எண்ணெய் போதுமானது. மாதத் தொடக்கத்தில் அந்த அளவை மட்டும் வாங்கி, கரண்டியால் அளந்து ஊற்றினால் வேறுபாடு தெரியும். தாராவியில் வீடுகளில் தயாராகி மும்பை நகரெங்கும் விற்பனைக்குச் செல்லும் இட்லி, ஆவியில் வெந்தது. அதில் எண்ணெய் ஏறக்குறைய இல்லை. பொடியில் குழைக்கும் எண்ணெயையே அளக்க வேண்டும்.

மாத்திரைக்கு மாற்றாகுமா?

எண்ணெயை மாற்றுவதால் எல்டிஎல் அளவில் எதிர்பார்க்கக்கூடிய குறைவு, மேற்கண்ட ஆய்வுகளின்படி, 10 மில்லிகிராம் அளவிலேயே உள்ளது. ஸ்டாட்டின் வகை மாத்திரைகளோ, அளவுக்கேற்ப எல்டிஎல்-ஐ 30 முதல் 50 சதவீதம் வரை குறைக்கின்றன. எல்டிஎல் 160 உள்ள ஒருவர் 100 என்ற இலக்கை அடைய, எண்ணெய் மாற்றம் உதவலாம்; அது மட்டும் போதாது. எண்ணெயை மாற்றிவிட்டோம் என்ற நம்பிக்கையில் மருத்துவர் பரிந்துரைத்த மாத்திரையை நிறுத்துவது ஆபத்தானது. எல்டிஎல் 190-ஐத் தாண்டினால் அது பரம்பரைக் குறைபாடாகவும் இருக்கலாம் என்பதால், பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகளும் பரிசோதித்துக்கொள்வது அவசியம்.

அன்றாடச் சமையலுக்கு நல்லெண்ணெய், கடலை எண்ணெய், தவிட்டு எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய் ஆகியவற்றில் இரண்டை மாற்றி மாற்றிப் பயன்படுத்துவதும், தேங்காய் எண்ணெயையும் நெய்யையும் மணத்துக்காக ஒரு சிறு கரண்டி அளவில் நிறுத்திக்கொள்வதும் பெரும்பாலானோருக்குப் பொருந்தும் வழி. எண்ணெயை மாற்றிய பின் இரண்டு, மூன்று மாதங்கள் கழித்து ரத்தக் கொழுப்புப் பரிசோதனையை மீண்டும் செய்துகொண்டு, அந்த அறிக்கையுடன் மருத்துவரைச் சந்திக்க வேண்டும். மாற்றம் பலன் அளித்ததா என்பது அப்போது தெரிந்துவிடும்.