மகாநாடும் லேசர் ஒளியும்

அறிஞர் மகாநாடுகளால் யாது பயன் என வினவுவோர்க்கு, 1962 ஆம் ஆண்டு யூலை மாதத்து நிகழ்ச்சியொன்று விடை பகரும்.

ஐக்கிய அமெரிக்காவின் டேரம் நகரிலே திண்மநிலைக் கருவிகள் பற்றிய ஆராய்ச்சி மகாநாடு கூடியது. கலியம் ஆசனைட்டு என்னும் குறைகடத்தித் துண்டிற் செலுத்திய மின், பெரும்பாலும் கண்ணுக்குப் புலனாகாத செந்நிறக்கீழ் ஒளியாகவே மாறுவதை லிங்கன் ஆய்வுகூடத்தார் அங்கே அறிவித்தனர். அதனைக் கேட்டிருந்த ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்து ரொபேட் ஹோல், ஊர் திரும்பும் புகையிரதத்திலேயே கணக்கிடத் தொடங்கினார். துண்டின் எதிரெதிர் முகங்களைக் கண்ணாடிபோல் மெருகிட்டால், ஒளி உள்ளேயே மீண்டும் மீண்டும் தெறித்து வலுப்பெறும் என்பது அவர் கருத்து. செப்டெம்பரில் குறைகடத்தி லேசர் ஒளிர்ந்தது.

லிங்கன் ஆய்வுகூடத்தார் சில வாரம் பிந்தியே அதனை ஆக்கினர். தம் பேற்றை மறைத்திருப்பின் முதன்மை அவர்க்கே கிட்டியிருக்கலாம். ஆயினும், இறுவட்டைப் படிப்பதும் கடலடி இழைகளிற் பேச்சைச் சுமப்பதும் அவ்வகை லேசரே. அறிவு பகிரப் பகிரவே வளரும்.