மெல்லிய நரம்பும் முரட்டு விராலும்

மாணவர்களே, உங்களுக்கு ஒரு கேள்வி. 0.15 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு நைலான் இழையை எடுத்துக்கொள்ளுங்கள். ஏறக்குறைய இரண்டு தலைமுடிகளின் தடிமன்தான் அதற்கு இருக்கும். அதன் நுனியில் இரண்டு கிலோ எடைக்கல்லைக் கட்டித் தொங்கவிட்டால் இழை அறுந்துவிடும். அப்படியானால், ஏரியில் திமிறி ஓடும் இரண்டு கிலோ விரால் மீனை அதே இழையால் கரைக்குக் கொண்டுவர முடியுமா?

முடியாது என்றே முதலில் சொல்லத் தோன்றும். ஆனால் முடிகிறது! அது எவ்வாறு முடிகிறது என்பதை உங்கள் இயற்பியல் பாடத்தைக் கொண்டே விளக்கிவிடலாம்.

சென்னையின் மேற்குப் புறநகரான அம்பத்தூர்ப் பகுதியில் மேனாம்பேடு என்னும் இடம் இருக்கிறது. அதற்குச் சற்றுத் தொலைவில் கொரட்டூர் ஏரி உள்ளது. அம்பத்தூர் ஏரி நிரம்பினால் உபரி நீர் கொரட்டூர் ஏரிக்கும், அங்கிருந்து மாதவரம் இரட்டை ஏரிக்கும் போகும். நம் முன்னோர் இப்படித்தான் ஏரிகளைச் சங்கிலிபோலக் கோத்து வைத்தார்கள். இத்தகைய ஏரிகளில் விரால், கெளுத்தி, கெண்டை முதலிய மீன்கள் வாழ்கின்றன. 1952-ல் வெளிநாட்டிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட திலேப்பியாவும் இன்று எங்கும் பரவியிருக்கிறது. 'ஜிலேபி மீன்' என்று நீங்கள் சொல்வது இதைத்தான்.

மூங்கில் கம்பு, நரம்பு, மயிலிறகுத் தண்டில் செய்த தக்கை, ஈயக்குண்டு, முள், மண்புழு ஆகியவை சேர்ந்ததே நமது பழைய தூண்டில். இப்போது 'அல்ட்ராலைட்' என்னும் மிக இலேசான தூண்டிலும் வந்திருக்கிறது. அதன் கம்பு சுமார் 100 கிராம். நரம்பு சுற்றிய ரீல் சுமார் 200 கிராம். நரம்பு ஒன்று முதல் மூன்று கிலோ வரையே தாங்கும். முனையில் மண்புழுவுக்குப் பதில் ஒரு சிறு பொய் இரை இருக்கும். அதன் எடை 1 முதல் 7 கிராம்தான். இவ்வளவு நோஞ்சானான கருவி எப்படி வேலை செய்கிறது? உறுப்பு உறுப்பாகப் பார்ப்போம்.

இழையின் வலிமை

நைலானைக் கண்டுபிடித்தவர் வாலஸ் கரோதர்ஸ் என்னும் அமெரிக்க வேதியியலார், ஆண்டு 1935. நைலானின் மூலக்கூறுகள் மிக நீண்ட சங்கிலிகள். உருகிய நைலானை இழையாக்கி இழுத்து நீட்டும்போது, குழம்பிக் கிடக்கும் சங்கிலிகள் இழையின் நீளவாட்டில் வரிசையாக நிற்கின்றன. வலிமைக்குக் காரணம் இந்த ஒழுங்கே. கடலோரத்தில் 'தங்கூசி' என்று சொல்லும் நரம்பு இப்படி உருவானதுதான்.

ஓர் இழை எவ்வளவு பாரம் தாங்கும் என்பது அதன் குறுக்குவெட்டுப் பரப்பைப் பொறுத்தது. விட்டம் இரண்டு மடங்கானால் பரப்பு நான்கு மடங்காகும் அல்லவா? ஆகவே 0.15 மி.மீ. நரம்பு சுமார் 1.8 கிலோ தாங்கினால், 0.30 மி.மீ. நரம்பு சுமார் 7 கிலோ தாங்கும். அப்படியிருக்க, தடித்த நரம்பையே பயன்படுத்தினால் என்ன? தடித்த நரம்பு விறைப்பாக இருக்கும். காற்றும் நீரும் அதை அதிகம் தடுக்கும். மூன்று கிராம் இரையால் அதை இழுத்துக்கொண்டு பறக்க முடியாது. இரை சிறிதாக வேண்டுமென்றால் நரம்பும் மெலிய வேண்டும்.

இன்னொரு செய்தி. நரம்பில் சாதாரண முடிச்சுப் போட்டால் அந்த இடத்தில் வலிமை ஏறக்குறைய பாதியாகக்கூடக் குறைந்துவிடும். முடிச்சை இறுக்கும்போது உராய்வினால் சூடு உண்டாகி நைலானைக் கெடுக்கிறது. அனுபவமுள்ளவர்கள் முடிச்சை எச்சிலால் நனைத்துவிட்டு இறுக்குவது இதனால்தான்.

புலவர் கண்ட வில்

அடுத்தது கம்பு. இதைப் பற்றிப் பேசச் சங்க காலத்துக்குப் போக வேண்டும். குறுந்தொகையில் ஒரு புலவர் வருகிறார். அவருடைய இயற்பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. காட்டு யானை ஒன்று பச்சை மூங்கிலை வளைத்துப் பிடித்திருக்கிறது. தினைக்காவலரின் கவண் ஓசையைக் கேட்டு அஞ்சி மூங்கிலை விட்டுவிடுகிறது. மூங்கில் விருட்டென்று மேலே நிமிர்கிறது. இதற்கு அவர் சொன்ன உவமை, மீன் பிடிக்கும் தூண்டில். அந்த உவமையாலேயே அவருக்கு 'மீனெறி தூண்டிலார்' என்று பெயர் வந்தது.

அவர் கவனித்தது ஒரு சுருள்வில்லின் வேலையை! வளையும் கம்பு ஆற்றலைச் சேமித்துக்கொள்கிறது. நிமிரும்போது அதைத் திருப்பித் தருகிறது. மூங்கிலுக்கு இந்தக் குணம் வந்ததற்குக் காரணம், அதன் உடலில் நீளவாட்டில் ஓடும் வலுவான நார்கள். இன்றைய கம்புகளில் அந்த நார்களின் இடத்தில் கார்பன் இழைகள் இருக்கின்றன. 1970-களில் கார்பன் கம்புகள் கடைக்கு வந்தன. பொருள் மாறிவிட்டது, அமைப்பு மூங்கிலுடையதே.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

இப்போது நம் கேள்விக்கு வருவோம். நீருக்குள் இருக்கும் மீனின் எடையை நீரின் மிதப்பு விசை ஏறக்குறைய முழுவதும் தாங்கிக்கொள்கிறது. ஆகவே நரம்பு இரண்டு கிலோவைத் தூக்குவதில்லை. அது சமாளிக்க வேண்டியது மீனின் பாய்ச்சலை மட்டுமே.

விரால் நொடிக்கு 2 மீட்டர் வேகத்தில் பாய்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் இயக்க ஆற்றல், நிறையில் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கினால் கிடைக்கும். ½ × 2 × 2 × 2 = 4 ஜூல். இந்த 4 ஜூலையும் தீர்த்தால்தான் மீன் நிற்கும். விசையைத் தூரத்தால் பெருக்கினால் வேலை. எனவே:

நரம்பைக் கையில் சுற்றிக்கொண்டு 2 சென்டிமீட்டரில் மீனை நிறுத்தினால், சராசரி விசை 4 ÷ 0.02 = 200 நியூட்டன். இது சுமார் 20 கிலோ பாரம். நரம்பு அந்தக் கணமே அறுந்துவிடும்.

கம்பு வளைந்து 40 சென்டிமீட்டர் விட்டுக்கொடுத்தால், சராசரி விசை 4 ÷ 0.4 = 10 நியூட்டன். இது சுமார் ஒரு கிலோ பாரம்தான். நரம்பு தாங்கிவிடும்!

மீன் அதேதான்; நரம்பும் அதேதான். நிறுத்தும் தூரம் மாறியது. விசை இருபதில் ஒரு பங்காயிற்று. வேகமாக வரும் கிரிக்கெட் பந்தைப் பிடிப்பவர் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொள்வதும் இதற்காகவே.

மீன் ஒரே பாய்ச்சலோடு நிற்காது. வாலை அடித்துக்கொண்டே ஓடும். அதற்காக ரீலுக்குள் ஓர் உராய்வு அமைப்பு உண்டு. சைக்கிள் பிரேக்கைப் போன்றது அது. நரம்பின் தாங்குதிறனில் நான்கில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு அதை இறுக்கி வைப்பார்கள். மீன் அதற்கு மேல் இழுத்தால் ரீல் வழுக்கி நரம்பை விடும். உராய்வு விசை 6 நியூட்டன் என்றால், மீன் 20 மீட்டர் ஓடுவதற்கு அந்த உராய்வை எதிர்த்து 120 ஜூல் செலவழிக்க வேண்டும். இப்படிச் சிறிது சிறிதாக மீன் தன் வலிமையைத் தானே இழக்கிறது. மெல்லிய நரம்பு மீனை இழுத்து வெல்வதில்லை, விட்டுக்கொடுத்தே வெல்கிறது.

நூற்பாலை தந்த யோசனை

மூன்று கிராம் என்பது இன்றைய ஒரு ரூபாய் நாணயத்தின் எடை. அதை நொடிக்கு 20 மீட்டர் வேகத்தில் வீசினால் கிடைக்கும் இயக்க ஆற்றல் 0.6 ஜூல் மட்டுமே. பழைய ரீல்களில் நரம்பு வெளியேற வேண்டுமானால் உருளையே சுழல வேண்டும். இந்தச் சிறு ஆற்றலில் பெரும்பகுதி உருளையைச் சுழற்றுவதிலேயே போய்விடும். இரை காலடியிலேயே விழும்.

இதற்கு வழி கண்டவர் ஆல்பிரட் ஹோல்டன் இல்லிங்வொர்த் என்னும் ஆங்கிலேயர். அவர் துணி ஆலைத் தொழிலில் இருந்தவர். ஆலையில் கண்டு அசையாமல் நிற்க, நூல் அதன் முனை வழியாகச் சுருள் சுருளாக உருவி வருவதைப் பார்த்திருந்தார். அதே முறையில் உருளை சுழலாத ரீலை அமைத்து 1905-ல் காப்புரிமை பெற்றார். நரம்பு மட்டுமே நகர்வதால் மிக இலேசான இரையும் தொலைவில் போய் விழுந்தது. கோயம்புத்தூரிலோ வேறு ஊரிலோ நூற்பாலையைப் பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தால், நூல்கண்டுகளை உற்றுக் கவனியுங்கள்.

பொய் இரையும் மெய்யுணர்வும்

அமெரிக்காவில் வெர்மான்ட் மாநிலத்தைச் சேர்ந்த ஜூலியோ பியூல் என்பவர் கரண்டி வடிவ இரைக்கு 1852-ல் காப்புரிமை பெற்றார். அவர் கையிலிருந்து ஏரியில் தவறி விழுந்த கரண்டியை ஒரு மீன் கவ்வியது என்று கதை சொல்வார்கள். கரண்டியை நீரில் இழுத்தால் அதன் பின்னே இருபுறமும் மாறி மாறிச் சுழல்கள் பிறக்கின்றன. அதனால் அது தள்ளாடிக்கொண்டே வரும். அடிபட்ட சிறு மீனும் இவ்வாறே தள்ளாடும்!

இந்த அசைவை மீன் கண்ணால் மட்டும் அறிவதில்லை. அதன் உடலின் இரு பக்கங்களிலும் தலையிலிருந்து வால் வரை ஒரு கோடு ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். அதற்குப் பக்கக்கோடு என்று பெயர். அங்குள்ள நுண்துளைகளுக்குள் உணர்மயிர்ச் செல்கள் உள்ளன. அருகிலுள்ள நீர் சிறிது அசைந்தாலும் அவை அறிவிக்கும். மழைக்குப் பின் கலங்கிய ஏரியில் இரையின் நிறத்தைவிட அதன் அதிர்வே மீனை அழைக்கிறது.

விராலை ஏமாற்ற ரப்பர் தவளையைப் பயன்படுத்துவார்கள். இங்கு ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். விரால் குஞ்சுகள் செந்நிறக் கூட்டமாகத் திரியும். காற்றைச் சுவாசிக்க அடிக்கடி நீர்மட்டத்துக்கு வரும். பெற்றோர் மீன்கள் அவற்றுக்குக் காவல் இருக்கும். அப்போது அருகில் எது வந்தாலும் பாய்ந்து தாக்கும். இது பசியினால் அல்ல, குஞ்சுகளைக் காக்கவே. அந்தச் சமயத்தில் பெரிய மீனைப் பிடிப்பது எளிது. ஆனால் காவல் போனால் கெண்டையும் பறவையும் குஞ்சுகளைத் தின்று தீர்த்துவிடும். ஒரு மீனைப் பிடித்து ஒரு கூட்டத்தையே அழித்தவர்களாவோம். செந்நிறக் கூட்டத்தைக் கண்டால் தூண்டிலைச் சுருட்டிக்கொள்வதே அறிவுடைமை.

ஏரிக்கு நாம் விட்டுச் செல்வது என்ன?

நரம்பு மெலிந்தால் அறுவதும் அதிகம். நைலான் எளிதில் மட்காது. கரையில் வீசிய நரம்பு முக்குளிப்பானின் காலிலோ நீர்க்காகத்தின் அலகிலோ சுற்றிக்கொண்டால் அது பட்டினியால் சாகும். ஈயம் நஞ்சு. ஈயக்குண்டுகளை விழுங்கி அன்னப்பறவைகள் மடிந்ததால், பிரிட்டனில் 1987 முதல் பெரும்பாலான ஈயத் தூண்டில் குண்டுகளின் விற்பனை தடை செய்யப்பட்டது. அளவுக்கு மீறி மெல்லிய நரம்பால் மீனை நெடுநேரம் போராட வைப்பதும் தவறு. களைத்துப்போன மீனின் தசைகளில் லாக்டிக் அமிலம் சேர்கிறது. நீரில் திரும்ப விட்டாலும் அது பிழைக்காமல் போகலாம்.

ஏரிகளில் மீன் பிடிக்கும் உரிமையைக் குத்தகைக்கு விடுவது வழக்கம்; எனவே அனுமதி கேட்டே பிடிக்க வேண்டும். தனியே போகாதீர்கள்; மண் எடுத்த பள்ளங்கள் நீருக்கடியில் இருக்கலாம். கார்பன் மின்சாரத்தைக் கடத்தும் பொருள் என்பதால், மின்கம்பிகளுக்குக் கீழே கார்பன் கம்பை ஒருபோதும் நிமிர்த்தாதீர்கள். இடி மின்னலின்போதும் அப்படியே. கழிவுநீர் கலக்கும் ஏரியின் மீனை உண்ணாதீர்கள். கொரட்டூர் ஏரியில் கழிவுநீர் கலப்பதைத் தடுக்க அப்பகுதி மக்கள் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை செல்ல வேண்டியிருந்தது என்பதையும் நினைவில் வையுங்கள்.

செய்து பாருங்கள்

தேவையான பொருள்கள்: தையல் நூல், ஒரு கல், பழைய சைக்கிள் டியூபிலிருந்து மெல்லியதாக வெட்டிய ரப்பர் நாடா, ஒரு தலையணை.

நூல் மெதுவாகத் தூக்கினால் தாங்கும். வெடுக்கென்று தூக்கினால் அறும். அத்தகைய கல்லைத் தேடி எடுங்கள். கல்லைத் தலையணைமேல் வைத்து இரண்டு வகையிலும் தூக்கிப் பாருங்கள். கால்களை விலக்கி வைத்துக்கொள்ளுங்கள். பிறகு நூலுக்கும் கல்லுக்கும் நடுவே ரப்பர் நாடாவைக் கட்டி, மீண்டும் வெடுக்கென்று தூக்குங்கள். இம்முறை நூல் அறாது. ரப்பர் நீண்ட தூரத்தை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். நாடாவின் நீளத்தைப் பாதியாக்கினால் என்ன ஆகும்? முதலில் ஊகித்து எழுதிவிட்டு, பிறகு செய்து பாருங்கள்.